அக்கூஸ்டிக் பாட்டு: சுங்கை சிப்புட் மாடி அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் என் தையற்கடைக்கு மேலே ஒரு மாடி அறை இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு முப்பது பேர் போல அங்கே கூடுகிறோம். பேர்பெற்ற பாடகர்கள் ஒரு கித்தாரோ பியானோவோ மட்டும் வைத்துக்கொண்டு பாடிய பதிவு ஒன்றிரண்டை முதலில் கேட்போம். பிறகு நம் ஊர்ப் பிள்ளைகள் பாடுவார்கள். டவுன்காரர்கள், எல்பில், டவன்பி தோட்டங்கள் பக்கத்திலிருந்து மோட்டாரில் வருகிறவர்கள், ஈப்போவில் வேலை பார்த்துவிட்டு வார இறுதிக்கு வீடு திரும்புகிறவர்கள், எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்கூஸ்டிக் என்றால் மைக்கே இல்லாமல் பாடுவதா?

இல்லை. சத்தம் எங்கே பிறக்கிறது என்பதுதான் கணக்கு. மரக் கித்தாரில் கம்பி அதிர்கிறது. அந்த அதிர்வு மேற்பலகைக்கு இறங்கி, உள்ளே இருக்கும் காற்றை அசைத்து, நடுத்துளை வழியாக வெளியே வருகிறது. கரண்ட் போனாலும் அது பாடும். எலக்ட்ரிக் கித்தாரில் கம்பிக்கு அடியில் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. அவை அதிர்வை மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப வேண்டும். ஆம்ப்ளிஃபயரை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். இந்தக் கணக்கில் பியானோ, வயலின், தபேலா, மிருதங்கம், ஆர்மோனியம், புல்லாங்குழல் எல்லாம் அக்கூஸ்டிக். கீபோர்டு அப்படியில்லை. மைக் என்பது பிறந்துவிட்ட சத்தத்தைப் பின்வரிசைக்குச் சுமந்துபோகிற ஆள், அவ்வளவுதான்.

இதில் பலரும் தலைகீழாக நினைக்கிற ஒன்று உண்டு. காதோரம் வந்து பாடுவதுபோல ஒருவர் மெல்லப் பாடும்போது, பழைய காலத்துப் பாட்டு இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றும். உண்மையில் மைக் வராத நாடகக் கொட்டகைகளில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கடைசி வரிசைக்கு எட்டும்படி உச்சக் குரலில் பாட வேண்டியிருந்தது. மூச்சுக்காற்றும் சேர்ந்து கேட்கிற மெல்லிய பாட்டு, மைக் வந்த பிறகு முளைத்தது. ஆகவே எங்கள் அறையில் மைக் வைப்பதைப் பார்த்து யாரும் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். 1993இல் நியூயார்க்கில் நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழு, எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற ‘அன்பிளக்ட்’ நிகழ்ச்சியில் பாடியபோதுகூட, குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தன் மரக் கித்தாரை ஓர் ஆம்ப்ளிஃபயர் வழியாகத்தான் வாசித்தார். அந்தப் பதிவின் நெருக்கம் அதனால் குறையவில்லை.

இது எப்போது, யார் தொடங்கியது?

கித்தாரை மடியில் வைத்துப் பாடுவதற்குத் தொடக்கம் தேடிப் போக முடியாது. ஆனால் மேடையதிரப் பாடும் நட்சத்திரங்களை ஒரு சிறிய அறையில் உட்காரவைத்து, அதையே நிகழ்ச்சியாக்கும் வழக்கத்தை உலகமெங்கும் கொண்டுபோனது எம்டிவி. அதன் ‘அன்பிளக்ட்’ நிகழ்ச்சி 1989 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கியது. இந்திய எம்டிவியில் அதே பெயரில் 2011இல் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஏ. ஆர். ரஹ்மான் அதில் பாடினார்.

2008இல் வாஷிங்டனில் இன்னொன்று பிறந்தது. அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரில் இசை நிகழ்ச்சி ஒன்றை நடத்திவந்த பாப் பாய்லனும் அவருடைய சக ஊழியரும் லாரா கிப்சன் என்ற பாடகியைக் கேட்க ஒரு மதுக்கூடத்துக்குப் போனார்கள். கூட்டத்தின் இரைச்சலில் அவர் குரல் கேட்கவே இல்லை. ‘பேசாமல் எங்கள் அலுவலக மேசையில் வந்து பாடிவிடுங்கள்’ என்ற பேச்சு அங்கே எழுந்தது. அவரும் வந்து பாடினார். டைனி டெஸ்க் கச்சேரி அப்படித்தான் உண்டானது. புத்தக அலமாரி, மேசை, அதற்குப் பின்னால் நெருக்கியடித்து நிற்கும் வாத்தியக்காரர்கள், இவ்வளவுதான் மேடை. பாடகரின் குரலை அந்த அறைக்குள் பெருக்கிக் கொடுக்க ஸ்பீக்கர் கிடையாது. மைக் பதிவுக்கு மட்டும். அதனால் குரல் கேட்க வேண்டுமென்றால் வாசிக்கிற எல்லாரும் கையடக்கி வாசித்தாக வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். பாடுகிறவரின் குரல் உன் காதில் விழவில்லை என்றால் நீ அதிகமாக வாசிக்கிறாய்.

ரெக்கார்டில் எல்லா வாத்தியத்தோடும் அழகாக இருக்கிறதே. அதை விட்டு இந்த ஒற்றைக் கித்தாரை ஏன் கேட்க வேண்டும்?

அதிகம் வரும் கேள்வி இது. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எரிக் கிளாப்டன் என்ற இங்கிலாந்துக் கித்தார்க்காரர் 1970இல் ‘லைலா’ என்றொரு பாட்டைப் பதிவு செய்தார். நமக்குத் தெரிந்த அதே லைலா மஜ்னு கதையிலிருந்துதான் அந்தப் பெயர். இன்னொருவரின் மனைவியை நேசித்த ஒருவன் கெஞ்சுகிற பாட்டு. முதல் பதிவில் எலக்ட்ரிக் கித்தார்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அலறும், அவர் குரலும் தொண்டை கிழியக் கத்தும். 1992 ஜனவரியில் அன்பிளக்ட் நிகழ்ச்சிக்காக அதே பாட்டைச் சிறு கூட்டத்துக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்ததுபோல, காலால் தாளம் தட்டிக்கொண்டு பாடினார். சொல் மாறவில்லை, மெட்டும் ஏறக்குறைய அதேதான். ஆனால் முதல் பாட்டில் கெஞ்சிய வாலிபன், இரண்டாவதில் இருபது வருஷம் கழித்து அதை நினைத்துப் பார்க்கிற மனிதனாகிவிட்டான். அந்த ஆல்பத்துக்கு 1993இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற கிராமி விருது கிடைத்தது.

இதை அறையில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலப் பாட்டுப் பழக்கமே இல்லாத, செம்பனைக் காட்டில் குலை வெட்டும் ஓர் அண்ணன், ‘மொதல்ல பாடுனவனுக்கு வயசு கம்மி, ரெண்டாவது பாடுனவன் பட்டவன்’ என்றார். இரண்டும் ஒரே ஆள் என்று சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அந்த அண்ணனுக்கு விளங்கியதை நான் இதைவிட நன்றாக விளக்க முடியாது.

வாத்தியங்கள் குறையும்போது பாட்டின் எலும்பு தெரிகிறது. எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லில் குரல் தளர்கிறது, கம்பியில் விரல் வழுக்கும்போது வருகிற கீச்சென்ற சத்தம், எல்லாம் காதில் விழுகின்றன. ஸ்டுடியோவில் அவற்றைத்தான் தேடித்தேடித் துடைத்தெடுப்பார்கள். துணி தைக்கிறவளாக எனக்குத் தெரிந்த வகையில் சொல்கிறேன்: ரவிக்கையின் வெளிப்பக்கம் ஜரிகையும் கல்லும் எதை வேண்டுமானாலும் மறைக்கும். தையல்காரியின் கை எப்படி என்று பார்க்க வேண்டுமானால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

டீ-பெயின் என்ற அமெரிக்கப் பாடகரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ-டியூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளைத் தன் அடையாளமாகவே வைத்துக்கொண்டவர். இந்த ஆளுக்குப் பாடவே வராது, எல்லாம் இயந்திரம் என்று பலர் முடிவு கட்டியிருந்தார்கள். 2014இல் டைனி டெஸ்க்கில், பக்கத்தில் ஒரே ஒரு கீபோர்டு துணையோடு, எந்தத் திருத்தமும் இல்லாமல் பாடினார். குரல் அப்படி வளமாக இருந்தது. அதற்கு முன்பே மரையா கேரி என்ற அமெரிக்கப் பாடகியும் இதைத்தான் செய்தார். ஊர் ஊராகப் போய் மேடையில் பாடாதவர், ஸ்டுடியோவில் மட்டும்தான் இவர் குரல் நிற்கும் என்று பேசியவர்களுக்கு 1992இல் அன்பிளக்ட் மேடையில் பாடியே பதில் சொன்னார்.

பெரிய பாடகர்களுக்கு இதில் என்ன லாபம்?

செலவு குறைவு. பழைய பாட்டையே புதிய உருவில் மறுபடியும் விற்கலாம். இசை நிறுவனங்கள் இதற்கு ஆசைப்பட்டதில் இந்தக் கணக்கும் இருந்தது உண்மை. ஆனால் கணக்குக்காக மட்டும் பாடியதும் மனசோடு பாடியதும் முதல் வரியிலேயே வேறுவேறாகக் கேட்கும். நிர்வாணா குழுவிடம் எல்லாரும் எதிர்பார்த்தது அவர்களுடைய வெற்றிப் பாட்டுகளை. அவர்களோ மிகப் பெரிய வெற்றிப் பாட்டைத் தொடவே இல்லை. மேடையில் லில்லிப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து, மற்றவர்களின் பாட்டுகள் ஆறையும் சேர்த்துப் பாடினார்கள். அது நடந்தது 1993 நவம்பர் 18. அடுத்த ஏப்ரலில் கர்ட் கோபேன் இறந்துவிட்டார். ஆல்பம் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. கடைசிப் பாட்டின் கடைசி வரிக்கு முன்னால் அவர் ஒரு மூச்சு எடுக்கிறார். இருபது முறை கேட்டிருப்பேன், அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் என் கை தையலை நிறுத்திவிடும்.

நம் தமிழ்ப் பாட்டுக்கு இது ஒத்துவருமா? கித்தாரில் கமகம் வராதே?

பாதி உண்மை. கமகம் என்றால் சுரத்தை அசைத்து வளைத்துப் பாடுவது. கித்தாரின் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டிகளை மெட்டுகள் என்பார்கள். அவை அரைச்சுர இடைவெளியில் பதித்தவை. இரண்டு மெட்டுக்கு நடுவில் இருக்கும் சுரத்தைத் தொட, கம்பியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். வீணையிலும் மெட்டுகள் உண்டு. ஆனால் மெழுகில் உயரமாகப் பதித்திருப்பதால் கம்பியை ஆழமாக இழுத்து வளைக்க இடம் இருக்கிறது. கித்தாரில் அவ்வளவு இடமில்லை. இதே குற்றச்சாட்டு ஒரு காலத்தில் ஆர்மோனியத்தின்மேலும் இருந்தது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்து, 1971 வரை அந்தத் தடையை வைத்திருந்தது. அதே வருஷங்களில் நம் ரப்பர்த் தோட்டத்துப் பஜனைகள் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டுதான் நடந்தன. பாட்டு நின்றுவிடவில்லை.

குரல் கமகத்தைப் பார்த்துக்கொள்ளும், கித்தார் தரையைப் பிடித்துக்கொண்டால் போதும். சினிமாப் பாட்டில் இதற்கு நல்ல வழி போட்டவர் இளையராஜா. மேற்கத்திய கித்தாரை முறையாகப் படித்தவர் என்பதால் கித்தாரை ஓரமாக நிறுத்தாமல் பாட்டின் நடுவிலேயே உட்காரவைத்தார். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’ பாட்டைக் கித்தார் கற்றுக்கொள்ளும் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் தாண்டிப் போவதில்லை. எங்கள் அறையில் இதுவரை ஒன்பது பேர் வாசித்திருக்கிறார்கள்.

எல்லாப் பாட்டும் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். இடையிசையில்தான் உயிரே இருக்கிறது என்கிற பாட்டுகள் உண்டு. வயலின் கூட்டத்தை எடுத்துவிட்டால் வெறும் கூடு. தாளத்துக்காகவே பிறந்த குத்துப்பாட்டை மெதுவாக்கி அழுவதுபோலப் பாடுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. மெதுவாகப் பாடினால் ஆழம் வந்துவிடாது. பாட்டின் சொல்லைத் தனியாக வாசித்துப் பார்க்க வேண்டும். அதில் நின்று நிதானிக்க ஏதாவது இருந்தால் மெதுவாக்கலாம்.

சுருதியைப் பற்றி ஒரு வார்த்தை. சினிமாவில் உச்சத்தில் பாடிய பாட்டை அதே கட்டையில் பாட வேண்டும் என்று பிள்ளைகள் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறார்கள். வேண்டாம். ஒரு கட்டை, இரண்டு கட்டை இறக்கிக்கொள்ளுங்கள். பேர்பெற்றவர்களும் அக்கூஸ்டிக் மேடையில் இறக்கித்தான் பாடுகிறார்கள். குரல் பேச்சுக்குப் பக்கத்தில் வரும்போதுதான் சொல் புரியும்.

நம் தோட்டத்துப் பாட்டெல்லாம் அக்கூஸ்டிக்தானே? இதில் புதிதாக என்ன?

எழுபது வயதான ஒரு தாத்தா கேட்டார். சரியான கேள்வி.

லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் கரண்ட் இல்லாத இரவுகளில் பாடியதெல்லாம் அக்கூஸ்டிக்தான். என் அம்மா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டப் போகும்போது எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். அங்கே ஆயா பாடிய தாலாட்டுக்கு எந்த வாத்தியமும் இல்லை. தொட்டில் கயிறு உத்தரத்தில் உரசும் சத்தம்தான் சுருதி. ஒப்பாரி பாடிய பெண்களுக்கு மைக் யார் கொடுத்தார்கள்? மாரியம்மன் திருவிழாவில் உறுமி மேளம் ஒலிபெருக்கி இல்லாமலே அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது உறுமுகிற அந்த ஒலி கரண்டால் வந்ததில்லை. அக்கூஸ்டிக் என்றால் மெல்லிசாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று உறுமியைக் கேட்டவர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து தட்டுகிற கஹோன் பெட்டிக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கடலோரத்தில் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்க மக்கள், சரக்கு வந்த மரப்பெட்டிகளையே தாளவாத்தியமாக்கித் தட்டினார்கள். 1977இல் பெருவுக்குப் போன ஸ்பெயின் நாட்டுக் கித்தார் மேதை பாக்கோ டி லூசியா அதைத் தன் ஃபிளமெங்கோ இசைக்குள் கொண்டுவந்தார். அங்கிருந்து உலகத்து அக்கூஸ்டிக் மேடைகளுக்கெல்லாம் பரவியது. தோட்டத்தில் பேர் கூப்பிடும் இடமான பிரட்டுக்களத்தில் பிஸ்கட் டின்னையும் மண்ணெண்ணெய் டின்னையும் கவிழ்த்துத் தட்டிய என் மாமாவுக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பெரு நாட்டுக்காரர்களை உறவுக்காரர்கள் என்றே சொல்லியிருப்பார்.

எங்கள் கஹோனை இங்கேயே ஒரு தம்பி செய்தான். சட்டத்துக்குப் பால்மரப் பலகை, தட்டும் முகத்துக்கு மெல்லிய பிளைவுட், உள்ளே பழைய கித்தார்க் கம்பிகள். இந்த நாட்டின் முதல் பால்மரக் கன்றுகளில் சில 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில்தான் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது. பால் வற்றிய மரத்தை வெட்டி மேசை நாற்காலி செய்வது இங்கே பெரிய தொழில். அந்தப் பலகை தாளமும் போடும் என்பதை அவன் கைதான் கண்டுபிடித்தது.

அப்படியானால் புதிதாக என்ன என்று தாத்தா கேட்டதற்கு என் பதில் இது. தோட்டத்தில் அன்று பாடியவரும் கேட்டவரும் ஒரே லயத்துக்காரர்கள். ரேடியோவில் பாடியவர் எட்டாத தூரத்தில் இருந்தார். இரண்டும் தனித்தனி உலகம். ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு குரல், திண்ணையில் உட்கார்ந்த அத்தை பாடுவதுபோலப் பக்கத்தில் வந்து பாடுவதுதான் புதுசு. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, நாம் தாமான் என்கிற டவுன் குடியிருப்புகளுக்குக் குடிவந்த பிறகு அந்தத் திண்ணை நமக்கு இல்லாமல் போய்விட்டது. நம் ஆட்கள் இந்தப் பதிவுகளுக்கு இவ்வளவு சீக்கிரம் மனசைக் கொடுக்க அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அக்கா, நான் ராப் பாடுவேன். எனக்கும் இடம் உண்டா?

உண்டு தம்பி. எல்எல் கூல் ஜே 1991லேயே அன்பிளக்ட் மேடையில் ராப் பாடிவிட்டார். ஜே-ஸீ 2001இல் தி ரூட்ஸ் என்ற வாத்தியக் குழுவோடு பாடியது ஆல்பமாகவே வந்தது. இங்கே யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது தமிழ் ராப் இந்த மண்ணில் வேர் பிடித்தது. அந்தச் சொற்கட்டைக் கஹோன் மட்டும் வைத்துச் சொல்லிப் பார். பீட் இல்லாதபோது உன் சொல்லே தாளத்தைத் தாங்க வேண்டும். நாக்கு எங்கே தடுக்குகிறது என்று உனக்கே தெரியும்.

வீட்டில் யூடியூபில் பார்த்தால் போதாதா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மேடைகள் எல்லாம் மூடின. பாடகர்கள் வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் உட்கார்ந்து, பின்னால் துணி காய்கிறது தெரியத் தெரியப் பாடி அனுப்பினார்கள். அந்த மாதங்களில் எனக்குத் துணையாக இருந்தது தையல் இயந்திரமும் அந்தப் பாட்டுகளும். எங்கள் சனிக்கிழமைக் கூட்டமே அந்தப் பழக்கத்திலிருந்து முளைத்ததுதான்.

ஆனால் கைப்பேசியில் பார்க்கும்போது பாதியில் நிறுத்தலாம், தள்ளிவிடலாம். அறையில் உட்கார்ந்துவிட்டால் பாட்டு முடியும்வரை நீங்கள் அதற்குச் சொந்தம். பாடுகிற பிள்ளைக்கு உங்கள் முகம் தெரிகிறது. போன மாதம் ஒரு பெண் மூன்றாவது அடியில் வரி மறந்து நின்றுவிட்டாள். முன்வரிசையில் இருந்த ஒருவர் அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக்கொடுத்தார், அவள் அங்கிருந்து பிடித்துக்கொண்டாள். யூடியூபுக்கு அந்தச் சொல்லை யார் எடுத்துக்கொடுப்பது?

கேட்க வருகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பாட்டு நடக்கும்போது பேசாதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கல்யாண மண்டபங்களில் ஸ்பீக்கரை அலறவிட்டு, அதற்கு மேல் நாம் கத்திப் பேசிப் பழகிவிட்டோம். ஒரு மண்டபத்தில் அருமையாகப் பாடிய ஒரு பையனை ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் சாப்பிட்டதை நான் பார்த்தேன். அவன் பாட்டு முடிந்ததும் தானே ஒயரைச் சுற்றிக்கொண்டு போனான். அந்த முகத்தை மறக்க முடியாமல்தான் இந்த அறையைத் திறந்தேன்.

கைக்குழந்தையோடு வரலாம். குழந்தை அழுதால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெளித் திண்ணைக்குக் கொண்டுபோய்த் தேற்றிவிட்டு வாருங்கள். கைதட்டித் தாளம் போட வேண்டுமானால் பாடுகிறவர் கேட்கும்போது போடுங்கள். நம்மில் பலர் தட்டும்போது வேகத்தை ஏற்றிவிடுகிறோம், பாடுகிறவர் நம் பின்னால் ஓட வேண்டியதாகிவிடுகிறது. முழுப் பாட்டையும் கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். ஒரு பாட்டு, அதுவும் பாடுகிறவரைக் கேட்டுவிட்டு.

பிள்ளைக்குக் கித்தார் வாங்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் நம் ஈரக்காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மரக் கித்தார்களுக்கு 45இலிருந்து 55 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். இங்கே காற்றில் பெரும்பாலும் 80ஐ ஒட்டியே இருக்கிறது. முழு மரப்பலகையில் செய்த விலை உயர்ந்த கித்தார் ஈரத்தைக் குடித்து வயிறு ஊதும், கம்பி மேலே தூக்கிக்கொள்ளும், பிள்ளையின் விரல் வலிக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்குப் பிளைவுட் பலகையில் செய்ததே போதும். ஊர்க் காற்றை அது தாங்கும். ஏர்கான் அறைக்கும் வெளிக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகாதீர்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியைத் துடையுங்கள், இல்லாவிட்டால் வியர்வையிலேயே துரு ஏறிவிடும். துணி வேண்டுமானால் கீழே கடையில் கேளுங்கள், வெட்டுத்துண்டு நிறைய இருக்கிறது.

வாத்தியத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள வழக்கு நமக்குப் புதிதில்லை. தப்படிக்கிறவர்கள் ஆட்டத்துக்கு முன் தோலைத் தீயில் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

பத்து வயதுக்குக் கீழே என்றால் நைலான் கம்பிக் கித்தார். எஃகுக் கம்பி பிஞ்சு விரலை அறுக்கும்.

எங்கள் வீட்டு ஹாலிலும் இப்படி நடத்தலாமா? எதிரொலி அதிகமாக இருக்கிறதே.

சிமெண்டுச் சுவர், ஓடு பதித்த தரை, கண்ணாடிச் சன்னல். சத்தம் பந்துபோல மோதித் திரும்பும். மெத்தை, கனத்த திரைச்சீலை, துணி அடுக்கிய அலமாரி எதுவும் உதவும். என் மாடியில் துணிச் சுருள்களைச் சுவரோரம் நிறுத்திவைத்திருப்பதால் எதிரொலி தானாகவே அடங்கிவிட்டது. நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள். பாடுகிறவரிடமிருந்து தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் ஒலி ஆறு டெசிபெல் குறைந்துவிடும்; நீள வரிசையாகப் போட்டால் கடைசி ஆளுக்கு மைக் இல்லாமல் கேட்காது. மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அது எவ்வளவு இரைந்துகொண்டிருந்தது என்று நின்ற பிறகுதான் தெரியும். எங்கள் அறையில் பாட்டுக்கு நிறுத்தி, பாட்டுக்கு நடுவில் போடுகிறோம். வியர்க்கும்தான்.

மற்றவர்களின் பாட்டைப் பாட அனுமதி வேண்டாமா?

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. பொது இடத்தில் பாடுவதற்கான உரிமத்தை இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் எம்ஏசிபி என்ற அமைப்பு தருகிறது. இலவசம் என்றாலே எல்லாம் சரி என்று நினைக்காமல் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினோம். வெளிநாட்டுக் கலைஞரை மேடையேற்றுவதானால் புஸ்பால் என்கிற அரசாங்கக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

பாட்டை எழுதியவர், மெட்டுப் போட்டவர், முதலில் பாடியவர் பெயர்களைச் சொல்லிவிட்டுப் பாடுவது இந்த அறையின் வழக்கம். இதைச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

மழை பெய்தால் நிகழ்ச்சி உண்டா?

உண்டு. ஆனால் மேலே தகரக் கூரை. பெருமழை பிடித்தால் கித்தார் மட்டுமில்லை, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மைக்கை ஏற்றிவைத்து மழையோடு போட்டி போடுவதில்லை. பாடுகிறவர் பாதியில் நிறுத்திவிடுவார், மழை விட்டதும் விட்ட அடியிலிருந்து எடுப்பார். தேநீர் போடுவது அந்த நேரத்தில்தான், ஆகவே குவளை கொண்டுவர மறக்காதீர்கள்.